கடற்கரை ஊரில் படமும் பாட்டும்: விழா நடத்துவது எப்படி

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பிப்ரவரியில் ராமேஸ்வரம் பக்கம் பொழுது சாய்வது ஏறக்குறைய 6.20 மணிக்கு. திரையில் கறுப்பு கறுப்பாகத் தெரியும் அளவுக்கு இருட்டுவதற்கு 6.50 ஆகும். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும். மிச்சம் இருப்பது மூன்று மணி நேரம்தான். ஒரு இரவில் எட்டுப் படம், ஐந்து இசைக்குழு என்று போஸ்டர் அடித்துவிட்டு, கடைசிக் குழுவை இரண்டு பாட்டோடு இறக்கிவிடுவது இந்தக் கணக்கைப் போடாததால் வருவது. நன்கொடையாளர் பேச்சு, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் இருட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இருட்டு கலைஞர்களுக்கு உரியது.

இங்கே சொல்லும் அளவுகள் 300 பேர் மணலில் உட்கார்ந்து பார்க்கும் விழாவுக்கானவை. முதல் விழாவுக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நாள் குறிப்பது

சென்னையில் இருப்பவர்கள் சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டு வருவார்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். சனிக்கிழமை இரவு விழா வைத்தால், யாருக்காக வைக்கிறோமோ அவர்களில் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். வெள்ளி இரவும் ஞாயிறு இரவும்தான் சரி. நாட்டுப்படகு ஊர்களில் கணக்கு வேறு. பாசி எடுக்கப் போகும் பெண்களின் நாட்கள் அதிலும் வேறு. ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தேதியைச் சொல்லுங்கள்.

அடுத்தது நிலா. பௌர்ணமியன்று பொழுது சாயும்போதே நிலா கிழக்கே ஏறிவிடும். திரை சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளி உதிக்கும். தேய்பிறை சஷ்டியிலிருந்து வளர்பிறை திருதியை வரை உள்ள நாட்களில் 7 முதல் 10 மணி வரை நல்ல இருட்டு கிடைக்கும். ஆனால் தை அமாவாசையை ஒட்டி ராமேஸ்வரம் ஊருக்குள் வைக்காதீர்கள். அக்னி தீர்த்தத்துக்கு வரும் கூட்டத்தில் ஜெனரேட்டர் வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டுவதே பெரிய பாடு.

காற்றுதான் முக்கியம். வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் காற்றில் பாக் விரிகுடாப் பக்கம், அதாவது தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி, ராமேஸ்வரம் வடகரை எல்லாம் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். அதே நாளில் மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் தென்கரை ஓரளவு அடங்கியிருக்கும். மே மாதத்தில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்தால் அப்படியே தலைகீழ். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று சிலருக்குத் தோன்றும். அந்த 61 நாளும் வீட்டில் காசு ஓடாத நாட்கள், கச்சானும் சேர்ந்துகொள்ளும். தை கடைசியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை, கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற தென்கரை ஊர்தான் முதல் விழாவுக்குப் பொருத்தம். ரமலான் ஆண்டுதோறும் 11 நாள் முன்னே நகர்ந்து வருகிறது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தவக்காலத்தில் கொண்டாட்டம் வைக்கமாட்டார்கள். மகா சிவராத்திரியும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவும் இதே பருவத்தில்தான் வரும். நாலு காலண்டரையும் ஒன்றாக விரித்து வைத்துத் தேதி பாருங்கள்.

சரி, வெள்ளியும் ஞாயிறும் என்றால் நடுவில் சனிக்கிழமை சும்மா கிடக்குமே? அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. படத் தேர்வைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

இடம், ஊர், அனுமதி

அலை தொடும் மணல் போஸ்டருக்கு அழகு. விழாவுக்கு அதற்குப் பின்னால் உள்ள ஊர்ப் பொட்டல்தான் ஏற்றது. கருவாடு காயும் இடத்தையும் வலை விரித்திருக்கும் இடத்தையும் ஒருநாள்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பிழைப்பு நடக்கும் இடம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரைகளில், குறிப்பாகத் தனுஷ்கோடிப் பக்கம், விளக்கும் சத்தமும் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி பிடிக்கும். நம் மேடை விளக்கு அவற்றைத் தரைப் பக்கம் இழுத்துவிடும்.

ஒரு ஆளுக்கு 7 சதுர அடி. 300 பேருக்கு 2,100 சதுர அடி, அதாவது 50-க்கு 42 அடி. பக்கத்தில் புயல் பாதுகாப்பு மையமோ சமுதாயக் கூடமோ இருக்கும் ஊராகப் பாருங்கள். மழை வந்தால் மாற்று இடம் அதுதான், சனிக்கிழமைக்கும் அதுதான்.

அனுமதி கேட்க ஊர்த்தலைவர், மீனவர் சங்கம், ஜமாஅத் அல்லது பங்குத்தந்தை என்று முதலில் ஊருக்குள் போங்கள். அவர்கள் சரி என்ற பிறகு ஊராட்சி, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம். திறந்தவெளியில் படம் திரையிட மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு மாத அவகாசம் வையுங்கள். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த அலுவலகத்திலிருந்தும் கிளம்பாதீர்கள். மேலிருந்து படம் எடுக்க டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானதளம் இருக்கிறது.

திரை

நல்ல சுவர் இருந்தால் திரையே கட்டாதீர்கள். வலைக் கிடங்கின் பக்கவாட்டுச் சுவரோ புயல் மையத்தின் சுவரோ 16-க்கு 9 அடி சமமாகக் கிடைத்தால், மினுங்காத வெள்ளை டிஸ்டெம்பர் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் அரை அடி கறுப்புக் கரை கட்டுங்கள். காற்றுக் கவலை அத்தோடு தீர்ந்தது. விழா முடிந்தும் அது ஊருக்குத் திரையாக இருக்கும்.

சுவர் இல்லையென்றால் திரை என்பது பாய்மரம் என்று நினைத்துக் கட்டுங்கள். 16-க்கு 9 அடித் திரையின் பரப்பு 13 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அதன் மீது விழும் தள்ளல் ஏறக்குறைய 100 கிலோ. காற்று 54 கிலோமீட்டர் ஆனால் தள்ளல் 225 கிலோவைத் தொடும். வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் விசை இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. கவிழும் திரைகள் பெரும்பாலும் கவிழ்வது இதனால்தான்: மதியம் கட்டியபோது அசையாமல் நின்றதே என்று நம்பிவிடுகிறோம்.

மணலில் அடித்த முளை ஈரம் காய்ந்ததும் பிடுங்கிக்கொண்டு வரும். சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி, வாயைத் தைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி மூன்றடி ஆழத்தில் புதையுங்கள். முன்னால் நாலு, பின்னால் நாலு. கயிறு தரையோடு 45 பாகை சாய்வில் இருக்கட்டும். வல்லத்து நங்கூரம் கிடைத்தால் இன்னும் நல்லது. முடிச்சுப் போடும் வேலையைப் பந்தல்காரரிடம் விடாமல் ஊர்க்காரர்களிடம் விடுங்கள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சும், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சும் அவர்கள் கைக்குத் தெரியும். அவசரத்தில் திரையை ஒரு நிமிடத்தில் இறக்குவதற்கு அந்த இரண்டாவது வகைதான் வேண்டும்.

திரையைச் சட்டத்தோடு நேராகக் கயிற்றில் கட்டினால் முதல் வீச்சில் கண்ணி வளையம் கிழியும். பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி, வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடிக்கு ஒன்றாகப் பூட்டுங்கள். காற்று வரும்போது டியூப் நீண்டு கொடுக்கும், விட்டதும் திரை தட்டையாகும். துணியென்றால் இரட்டைக் காடா. பிளெக்ஸ் என்றால் பளபளப்பில்லாத பக்கம் பார்வையாளரை நோக்கட்டும். திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருந்தால்தான் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்காது.

புரொஜெக்டர் 5,000 லூமன் போதும். 144 சதுர அடித் திரையில் அது சதுர அடிக்கு 35 லூமன் தருகிறது. வாடகைப் புரொஜெக்டர் பழசாகி முப்பது சதவீதம் மங்கியிருந்தாலும் திரையரங்க வெளிச்சத்துக்குக் குறையாது. லென்ஸின் எறிவிகிதம் 1.5 என்றால் 16 அடி அகலத்துக்கு 24 அடி தள்ளி வைக்க வேண்டும். அது கூட்டத்தின் நடுவில் வரும். ஆகவே ஆறடி உயர மேசைக் கோபுரம் கட்டி, கால்களில் மணல் மூட்டை வைத்து, சுற்றிக் கயிறு போடுங்கள். பனி இறங்கும், மேலே தார்ப்பாய் கூரை மட்டும் போதும், பக்கங்களை மூடினால் சூடேறி அணைந்துவிடும். அரை மணி முன்னதாகவே ஓடவிட்டால் லென்ஸில் ஈரம் படியாது. மைதானத்தின் மீது விழும் தெருவிளக்குகளை மூன்று மணி நேரம் அணைத்து வைக்க ஊராட்சியிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆயிரம் லூமன் கூட்டுவதைவிட இரண்டு விளக்கை அணைப்பது அதிகப் பலன் தரும்.

மின்சாரம்

கூட்டிப் பாருங்கள்: புரொஜெக்டர் அரை கிலோவாட், ஸ்பீக்கர்களும் மிக்ஸரும் 4, மேடை எல்இடி விளக்கு பத்து சேர்ந்து ஒன்றரை, மைதான விளக்கும் கடைகளும் 2. மொத்தம் 8 கிலோவாட். 15 கேவிஏ ஜெனரேட்டர் 12 கிலோவாட் வரை தரும், போதும். ஐந்து மணி நேரத்துக்கு 15 லிட்டர் டீசல் போகும், 30 லிட்டர் கையில் இருக்கட்டும். நூறு அடிக்கு அப்பால், காற்று போகும் திசையில் ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். டீக்கடைக்காரர் மின் அடுப்பை மைக்செட் லைனில் சொருகியதும் எல்லாம் அணையும். அவருக்குத் தனி லைன், தனி பிரேக்கர். புரொஜெக்டரும் லேப்டாப்பும் ஒரு கேவிஏ யுபிஎஸ் மூலம் ஓடட்டும்.

எர்த் விஷயத்தில் அலட்சியம் உயிருக்கு ஆபத்து. மேல் மணல் உலர்ந்து கிடக்கும், மின்சாரம் அதில் இறங்காது. தண்டை ஈர மணல் தட்டும் வரை அடிக்க வேண்டும். இந்தக் கரையில் பெரும்பாலும் ஆறடிக்குள் ஈரம் தட்டும். ஆறடி இடைவெளியில் இரண்டு தண்டு அடித்து இணைத்து, உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் தானே அணைக்கும் சுவிட்ச்) இல்லாத ஜங்ஷன் பாக்ஸை மேடைக்கு அனுப்பாதீர்கள். வெறுங்காலோடு ஈர மணலில் நின்று மைக்கைப் பிடிப்பவர் நம்மை நம்பித்தான் பிடிக்கிறார்.

ஒலி

கூம்பு ஸ்பீக்கர் வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்குத் தடை உண்டு; இல்லாவிட்டாலும் வசனம் அதில் புரியாது. திரையின் இரு பக்கமும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒவ்வொன்று, எட்டடி உயரத்தில், நடு வரிசையைப் பார்த்து லேசாகக் குனிந்தபடி. இசைக்கு 18 அங்குல சப் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டு. படம் ஓடும்போது சப்பை அணைத்துவிடுங்கள். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 300-ஐ ஒட்டிச் சற்றுக் குறைத்து, 3,000 பக்கம் இரண்டு டெசிபல் ஏற்றினால் வசனம் துலங்கும். காற்று முதலில் தின்பது சகரம் போன்ற கூர்மையான ஒலிகளைத்தான். மிக்ஸரின் ஒலி அமைப்பைப் படத்துக்கு ஒரு ‘சீன்’, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ‘சீன்’ என்று அதிலேயே சேமித்து வைத்தால் இடைவேளை ஐந்து நிமிடத்தில் முடியும்.

லேப்டாப்பை மிக்ஸரோடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் வந்தால் அது எர்த் சுழற்சி. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் போய்விடும். சார்ஜர் பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டுச் சரி செய்பவர்களை மேடைப் பக்கமே விடாதீர்கள்.

சத்த அளவுக்கும் கணக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு (விதிப்படி இரவு 10 மணி வரை பகல் கணக்குத்தான்) 55 டெசிபல். ஒலிபெருக்கி வைத்த இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10, அல்லது மொத்தம் 75, இரண்டில் எது குறைவோ அதுதான் அனுமதி. அதாவது உங்கள் மைதான ஓரத்தில் 65. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஸ்பீக்கரை உயரத்தில் வைத்துக் கூட்டத்தை நோக்கிக் குனிய வைப்பது இதற்கும் உதவும்.

பறைக்கும் தவிலுக்கும் மைக் வைக்கத் துடிக்காதீர்கள். ஆறு பறை ஒன்றாக அடித்தால் எந்த ஸ்பீக்கரையும் மிஞ்சும். அவர்களைக் கூட்டத்திலிருந்து முப்பது அடி தள்ளி மணலில் இறக்கி விடுங்கள். அவர்களுக்கு வேண்டியது நெருப்பு. பனியில் தோல் நமத்து, அடி ‘தொப்’ என்று விழும். ஜெனரேட்டருக்கு எதிர்ப்புறம், ஒரு அடி குழி தோண்டி, வைக்கோலும் பனையோலையும் கட்டாக வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு ஒரு ஆளை நிறுத்துங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பும், நடுவில் ஒரு முறையும் காய்ச்ச நேரம் ஒதுக்குங்கள். நிகழ்ச்சி நிரலில் ‘பறை காய்ச்ச 10 நிமிடம்’ என்றே எழுதி வையுங்கள். பார்த்துக்கொண்டு நிற்பதும் விழாதான்.

அம்பாப் பாட்டு (மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது) பாடும் பெரியவரை மேடையில் நட்டக்குத்தலாக நிறுத்தி, முன்னால் ஒரு மைக் ஸ்டாண்டை வைத்தால் குரல் வராது. அந்தப் பாட்டின் மூச்சு, கயிற்றை இழுக்கும் கையில் இருக்கிறது. உண்மையான வடக்கயிறு ஒன்றை ஒரு முனையில் மணல் மூட்டையோடு கட்டி, நாலு பேர் கையில் கொடுங்கள். முன் பாடுபவர் சட்டையில் சிறிய காலர் மைக், அதன் மேல் பஞ்சுக் குல்லா. பின்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரே மைக். எக்கோ வேண்டாம். கீழக்கரை, தொண்டிப் பக்கம் தப்ஸ் (கையில் பிடித்துத் தட்டும் தோல் கருவி) அடித்துப் பாடும் குழு வந்தால் அரைவட்டமாக உட்காரவைத்து, தலைக்கு மேலே இரண்டு மைக்.

படங்களும் சனிக்கிழமையும்

இந்தியாவில் பொதுத் திரையிடலுக்கு, குறும்படமானாலும், 1952-ஆம் ஆண்டு சினிமட்டோகிராப் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். விழாக்களுக்கு விலக்கு உண்டு. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் படப்பட்டியல், கதைச் சுருக்கம், தேர்வுக் குழு விவரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விலக்கு பதிவு செய்த பிரதிநிதிகளுக்குக் காட்டுவதற்கானது. தெருவில் போகிறவரெல்லாம் உட்காரும் மணல்வெளிக்குப் பொருந்தாது. ஆகவே வெள்ளியும் ஞாயிறும் வெளியில் சான்று பெற்ற படங்கள். சனிக்கிழமை இரவு கூடத்துக்குள், பெயர் பதிந்து அட்டை வாங்கியவர்களுக்கு விலக்குப் பெற்ற படங்கள், பின்பு இயக்குநரோடு பேச்சு. சனிக்கிழமை பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைபேசியில் படம் எடுக்கும் பயிற்சி. இப்படிப் பிரித்தால் மூன்று நாளும் உருப்படியாகும்.

சான்றில் யு, யுஏ, ஏ என்ற பிரிவைப் பாருங்கள். 2024 விதிகளுக்குப் பிறகு யுஏ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. மணலில் முன்வரிசை முழுக்கக் குழந்தைகள்தான் இருப்பார்கள். யு, யுஏ 7 தவிர வேறெதையும் வெளியில் திரையிடாதீர்கள். பதிவு செய்த பாடல்களை ஒலிபரப்பினால் உரிமம் எடுக்க வேண்டும். மேடையில் சொந்தப் பாட்டுப் பாடும் குழுக்களையே அழைத்தால் அந்தத் தலைவலி குறையும், விழாவும் தனித்தன்மை பெறும்.

கோப்புகளை மூன்று வாரம் முன்பே வாங்குங்கள். 1920-க்கு 1080, எச்.264, எம்பி4, ஸ்டீரியோ. கைபேசியில் எடுத்த படங்களில் பிரேம் வேகம் ஏறி இறங்கும். பத்தாவது நிமிடத்தில் உதடு ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்லும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25 பிரேமாக மாற்றிவிடுங்கள். சப்டைட்டிலைப் படத்தோடு பதித்தே தரச் சொல்லுங்கள்; தனிக் கோப்பாக வந்தால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். எல்லாப் படத்தின் ஒலி அளவையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு படத்தையும் முதல், நடு, கடைசி நிமிடம் அந்த லேப்டாப்பிலேயே ஓட்டிப் பாருங்கள். இரண்டு வட்டில் பிரதி, இரண்டும் வேறு வேறு ஆளிடம். எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டரைத் தாண்டினால் படம் கண் சிமிட்டும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, ஒலியை மட்டும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்ஸருக்கு அனுப்புங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் இணையத்தையும் அணைத்துவிட மறக்காதீர்கள்.

வெளித் திரையிடல் இரவுக்கு ஒரு நிரல்: 4 முதல் 6 வரை குழுக்களின் ஒலிச் சோதனை, கடைசியில் பாடுபவர் முதலில். 6.15-க்குப் பறை தெருவழியாக வந்து ஊரை அழைக்கட்டும். 6.55-க்குக் குறும்படங்கள் நாலு, மொத்தம் 50 நிமிடம். 7.50-க்கு அம்பா அல்லது தப்ஸ். 8.25-க்கு 30 நிமிட ஆவணப்படம். 9 மணிக்கு இசைக்குழு, 9.50-க்குக் கடைசிப் பாட்டு. மேடை திரைக்கு முன்னால் வேண்டாம், பக்கத்தில். டிரம்ஸ் அங்கேயே துணி போர்த்திக் கிடக்கட்டும்.

மீதி வேலைகள்

20 லிட்டர் தண்ணீர்க் கேன் 12. கழிப்பறை நாலு, இரண்டு பெண்களுக்கு, வெளிச்சமான வழியில். இது சரியில்லாவிட்டால் பெண்கள் எட்டு மணிக்கே எழுந்து போய்விடுவார்கள். 6-க்கு 4 அடிப் பாய் ஐம்பது, முதியவர்களுக்கு ஓரங்களில் நாற்காலி அறுபது. கடல் பக்கம் கயிறு கட்டி, நீந்தத் தெரிந்த இரண்டு பேர் நிற்கட்டும். பாம்பன் பக்கம் அறிவிப்புக்குக் கடல் ஓசை 90.4 பண்பலையை அணுகுங்கள். மீனவர்கள் காற்று நிலவரத்துக்காகக் கேட்கும் வானொலி அது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை ரயில் மீண்டும் வருகிறது. கலைஞர்களுக்கு டிக்கெட் எடுத்து, ஊதியத்தை மேடை ஏறுமுன் கையில் கொடுங்கள். பணம் போதவில்லை என்றால் விளக்கைக் குறையுங்கள், கலைஞர் கூலியைக் குறைக்காதீர்கள்.

முடிந்த இரவே உப்பைத் துடைத்துவிட வேண்டும். ஈரத் துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை, பிளக் முனைகளுக்குக் கான்டாக்ட் கிளீனர். மறுநாள் என்று விட்டால் அடுத்த வாரம் கேபிள் கரகரக்கும். பெரியவர்கள் பாடியதன் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டு அந்தந்த வீட்டில் கொடுங்கள். பந்தல் பிரித்த இடத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, மணல் மீது குறுக்கும் நெடுக்கும் இழுத்துச் செல்லுங்கள். ஆணி, கம்பித் துண்டு, ஸ்டேப்ளர் பின் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். திங்கட்கிழமை விடியும் முன்பே அந்த வழியாக வெறுங்காலோடு படகுக்குப் போவார்கள்.